மாப்பிள்ளை பார்க்காத படம்

அமெரிக்கத் தெற்கில் எங்கள் ஊரான செல்மாவில், சலூனுக்கு மேல்மாடியில் கிரிம்ஸ்லியின் ஸ்டூடியோ இருந்தது. எங்கள் பக்கத்துக் கறுப்பர் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் அவள் அந்தப் படிகளில் ஏறித்தான் ஆகவேண்டும். கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே பெண் மட்டும் தனியாகக் கவுன் போட்டுப் படம் எடுத்துக்கொள்வாள். கிரிம்ஸ்லி அதை ஜன்னல் கதவு அளவுக்குப் பெரிதாக்குவார். அவர் மனைவி கன்னத்துக்கும் உதட்டுக்கும் பூவுக்கும் கையால் வண்ணம் தீட்டுவாள். கல்யாண விருந்தன்று அந்தப் படம் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும். அதுவரை மாப்பிள்ளை கண்ணில் அது படக் கூடாது.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஏப்ரலில் இமோஜீனின் முறை வந்தது. அவளுடைய அம்மா க்ளாரீஸ் ஊரிலேயே பேர்போன தையல்காரி. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்த கவுனைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறினாள். சலூனில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ளே என்னம்மா இருக்கு? எங்களுக்கும்தான் காட்டேன்" என்றான் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்த ஒருவன்.

"உன் சைஸுக்கு ஒண்ணு தைச்சுத் தரேன், போட்டுப் பாரு" என்றாள் க்ளாரீஸ், திரும்பாமலே. சலூனே சிரித்தது.

மேலே விளக்குச் சூட்டில் இமோஜீனுக்கு வியர்த்துக் கொட்டியது. க்ளாரீஸ் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "கழுத்தைத் தூக்கு. பல்லைக் காட்டாதே. முதுகை ஏன்டி வளைக்கிறே?" என்று ஒரு நிமிஷம் சும்மா இல்லை.

கிரிம்ஸ்லி கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் போய் ஒரு கோக் குடிங்க. உங்களைப் பார்த்தா எனக்கே முதுகு வளையுது."

க்ளாரீஸ் முறைத்துக்கொண்டே வெளியே போனாள். இமோஜீனுக்குச் சிரிப்பு வந்தது. அது உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் கிரிம்ஸ்லி படத்தை எடுத்துவிட்டார். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள்.

மாப்பிள்ளை ஆல்டன் அப்போது வியட்நாமில் இருந்தான். அவனுடைய ஒரு வருஷ ராணுவ வேலை ஜூனில் முடிகிறது; ஜூன் கடைசி சனிக்கிழமை கல்யாணம். முந்தின வருஷம் ஜூனில் கப்பலேறப் போகுமுன், அவன் அம்மா லவீனியாவின் சமையலறையில், கோழி வறுபட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி, "நான் வர்ற வரைக்கும் காத்திருப்பியா, இல்லை அந்த மரமில்லு மேஸ்திரியைக் கட்டிக்குவியா?" என்று கேட்டவன். இமோஜீன் கையிலிருந்த கரண்டியால் அவன் தோளில் ஒன்று போட்டாள். அதுதான் சம்மதம்.

லவீனியா சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்துத்தான் மகனை வளர்த்தாள். படம் எடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது க்ளாரீஸின் கையைப் பிடித்தாள்.

"ஆல்டன் படத்தைக் கேட்டு எழுதியிருக்கான். சின்னதா ஒண்ணு போட்டுக் கொடுக்கச் சொல்லேன், அனுப்பி வைக்கிறேன்."

"கல்யாணத்தன்னிக்கு நேர்லயே பார்க்கட்டும்."

"அங்கே குண்டு விழுது, க்ளாரீஸ். நம்ம ஊர் சாங்கியமெல்லாம் அங்கே எதுக்கு?"

"குண்டு விழுறதாலதான் சொல்றேன்" என்றாள் க்ளாரீஸ். "மாப்பிள்ளை முன்னாடியே பார்த்தா ஆகாது. என் அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்து சேரவே இல்லைன்னு உனக்கே தெரியும்."

லவீனியா இமோஜீனைப் பார்த்தாள். நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்கிற பார்வை. அம்மாவுக்கும் மாமியாராக வரப்போகிறவளுக்கும் நடுவில் நிற்க இமோஜீனுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, வந்துவிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

படம் வண்ணம் தீட்டி, தங்க நிறச் சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. க்ளாரீஸ் அதைப் பழுப்புத் தாளில் சுற்றி, துணி அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

மே மாத நடுவில் ஒருநாள் பகலில், இமோஜீன் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறைக்குச் சேதி வந்தது. மக்காச்சோள ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டுத்தான் தலைமைச் சமையல்காரி சொன்னாள். "லவீனியா வீட்டு முன்னாடி ராணுவக் கார் நிக்குதாம். நீ போம்மா."

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள். லவீனியா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ராணுவ அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். லவீனியாவின் முகத்தில் அழுகை இல்லை. வழி தவறி வந்தவர்களுக்கு இடம் சொல்கிறவள் போலத்தான் பேசினாள்.

"வா கண்ணு. இவங்க வீடு மாறி வந்துட்டாங்க. எவ்வளவு சொன்னாலும் போக மாட்டேங்கிறாங்க. நீ சொல்லு, படிச்சவ."

கறுப்பராக இருந்த அதிகாரி இமோஜீனைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

சவப்பெட்டி வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. சடங்குகளைச் செய்து அடக்கம் பண்ணிக் கொடுக்கும் டாலிவரின் கட்டடத்தில் அதை வைத்திருந்தார்கள். இமோஜீனைக் கூட்டிக்கொண்டு லவீனியா அங்கே போனாள். நல்ல உடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டிருந்தாள். மகனுக்கும் ஒரு கோட்டை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"திற" என்றாள் டாலிவரிடம்.

"முடியாதுங்க, மிஸ் லவீனியா" என்றார் அவர், மூத்த பெண்களை ஊரில் மரியாதையாகக் கூப்பிடும் விதத்தில். "ராணுவத்துல மூடி முத்திரை வெச்சு அனுப்பியிருக்காங்க."

"என் புள்ளை. நான் பார்க்கணும்."

"பார்க்கிற நிலைமையில இல்லைன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க." டாலிவர் ஆல்டனுக்குச் சிறுவயதில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர். "என்னை வற்புறுத்தாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

லவீனியா பெட்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து மூடியின் மேல் காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு கோட்டை மடித்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, இமோஜீனின் கையைப் பிடித்து நேராக க்ளாரீஸ் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"படத்தை எடு, க்ளாரீஸ். உயிரோட இருக்கும்போது கேட்டான், நீ கொடுக்கலை. இப்ப அவன் கூட அனுப்பு. பெட்டிக்குள்ள வைக்க விடலைன்னா பெட்டி மேல வைக்கிறேன். அவன் பார்க்கட்டும்."

க்ளாரீஸ் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டாள். "சர்ச்ல வை. பெட்டிக்குப் பக்கத்துல வை. ஆனா மண்ணுக்குள்ள போக விடமாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா கேக்கிறே? என் மக உயிரோட இருக்கா, லவீனியா! உயிரோட இருக்கிறவ முகத்தைக் குழியில போட்டு மூடச் சொல்றியா?"

"உன் மக உயிரோட இருக்கா" என்றாள் லவீனியா மெதுவாக. "ஆமாம். இருக்கா."

க்ளாரீஸ் அலமாரியை விட்டு விலகினாள்.

அடக்கத்தன்று சர்ச்சில் கூட்டம் கொள்ளவில்லை. பெண்கள் டாலிவரின் பெயர் அச்சடித்த காகித விசிறிகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கொடி போர்த்திய பெட்டிக்கு அருகில், பூக்களுக்கு நடுவே, இமோஜீனின் படம் நின்றது. பிணத்துக்கு மரியாதை செய்ய வந்தவர்கள் முதலில் மணப்பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு முன்வரிசையில் கறுப்பு உடுப்பில் இருந்த அவளையே பார்த்தார்கள், பிறகு சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

கல்லறையில் ராணுவத்தார் கொடியை முக்கோணமாக மடித்து லவீனியாவின் கையில் கொடுத்தார்கள். அவள் அதைக் கைப்பையைப் போல் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பெட்டி இறங்கியது. குழி வெட்டியவர்கள் மண்வெட்டிகளோடு காத்திருந்தார்கள். படம் இமோஜீனின் கையில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

"வை கண்ணு" என்றாள் லவீனியா. "அவன் மேல வை."

"ஜீன், வைக்காதே" என்றது பின்னாலிருந்து க்ளாரீஸின் குரல்.

பாஸ்டர் வேதப் புத்தகத்தை மூடிவிட்டு யாரையும் பார்க்காமல் நின்றார். இமோஜீன் குனிந்தாள். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. குழியின் சிவப்புக் களிமண் ஈரமாகப் பளபளத்தது. பெட்டியின் ஓரங்களில் கலங்கல் நீர் ஊறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த படத்தில் அவள் முகம் இப்போதுதான் சிரிக்கப் போகிறவள் போல வெளிச்சமாக இருந்தது. அந்த முகத்தின் மேல் முதல் மண் விழுவதை அவள் மனம் பார்த்துவிட்டது.

"மாட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

"என்னால முடியாது, மிஸ் லவீனியா."

லவீனியா கத்தவில்லை. அழவும் இல்லை. இமோஜீனையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை வெறுப்பு என்றுதான் இமோஜீன் நினைத்தாள். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். யார் காரிலும் ஏறவில்லை. தார் இளகும் வெயிலில் சாலையோரமாகவே நடந்தாள். கார்கள் அவளருகில் வேகம் குறைத்துக் கடந்தன. கறுப்பு உடுப்பில் ஒருத்தி, வெள்ளைக் கவுனில் இருக்கும் தன்னையே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த யாருக்கும் அவளைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

க்ளாரீஸ் வீட்டில் காத்திருந்தாள். "நல்ல காரியம் பண்ணினே" என்றாள்.

அவ்வளவுதான், இமோஜீன் வெடித்துவிட்டாள். "நல்ல காரியமா? ஒரு படம் கேட்டான். உன்கிட்ட வேற என்ன கேட்டான் அவன்? கொடுத்திருந்தா பார்த்துட்டுச் செத்திருப்பான். அதைக்கூட நீ கொடுக்கலையே!"

க்ளாரீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "வம்புக்கு வெச்சுக்கிட்டேன்னு நினைச்சியா? பார்த்துட்டான்னா அவனுக்கு ஆசை தீர்ந்துடும்னு பயந்தேன்டி. பார்க்காத வரைக்கும், பார்க்கிறதுக்காவது வந்து சேருவான்னு இருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் அந்தக் கவுனையே தைச்சேன்."

இமோஜீன் அம்மாவைத் தாண்டிப் போனாள். படத்தை அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள். அதன் பிறகு தாயும் மகளும் ஒரே வீட்டில் சாப்பாடு, துணி, மழை தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய சனிக்கிழமை வந்து போனது. அதற்குப் பிறகு ஒருநாள் லவீனியா ஒரு தட்டு நிறையப் பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். க்ளாரீஸ் அளவு எடுக்க எங்கோ போயிருந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று இமோஜீன் கதவருகிலேயே நின்றாள். லவீனியாவின் முகமோ பளிச்சென்று, பத்து வயது குறைந்தது போல இருந்தது.

"நீ ஏன் படத்தை வைக்கலைன்னு எனக்கு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு" என்றாள்.

"மிஸ் லவீனியா, நான்..."

"பெட்டியில இருக்கிறது அவன் இல்ல. நான் காதை வெச்சுக் கேட்டேன். என் புள்ளை இருந்தா எனக்குத் தெரியாதா? ஆனா நான் அம்மாக்காரி, எனக்குப் பைத்தியம்னு சொல்லிடுவாங்க. நீ வைக்க மாட்டேன்னியே, அப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. உன் மனசுக்கும் தெரிஞ்சிருக்கு. யாருக்கோ எதுக்கு நம்ம படத்தை வைக்கணும்?"

அப்படி இல்லை என்று சொல்ல இமோஜீன் வாயைத் திறந்தாள். அதற்குள் லவீனியா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கஞ்சி போட்ட துணியின் வாசனையும் ஜாதிக்காய் வாசனையும் அடித்தது. அடக்கத்துக்குப் பிறகு யாரும் அவளை அப்படி அணைக்கவில்லை. அவள் லவீனியாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

சொல்லாததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போகப் போக, ஒருவேளை உயிரோடு இருப்பானோ என்று அவளுக்கே சபலம் தட்டியது. ஜார்ஜியாவில் எங்கோ செத்துப்போனான் என்று சொன்ன பையன் ஒருவன் ஆஸ்பத்திரியிலிருந்து தாய்க்குப் போன் பண்ணினானாம் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். யார், எந்த ஊர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் தெருவில் ஏதாவது கார் நின்றால் இமோஜீன் அடுப்பில் மீன் கருகுவதைக்கூடக் கவனிக்காமல் காது கொடுத்தாள்.

லவீனியாவோ முழுசாக அதற்குள் இறங்கிவிட்டாள். அரசாங்கம் அனுப்பிய கல்லறைக் கல் பலகைப் பெட்டியோடு வந்தது. அதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினாள். மகன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வேலை பார்த்த வீட்டில், "என் மகன் வந்ததும் நான் சமையலுக்கு வர மாட்டேன், வேற ஆள் பார்த்துக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்போய், அவர்கள் உடனே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் சர்ச் மைதானத்தில் மீன் வறுத்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டும் ஒருவன் ஒரு தட்டை இமோஜீனிடம் கொடுத்து, "நீ தினம் ஊருக்கே பரிமாறுறவ. இன்னிக்கு ஒருநாள் உனக்கு நான் பரிமாறுறேன்" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து லவீனியா வேகமாக வந்தாள். தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிப் புல்லில் கவிழ்த்தாள்.

"இவ புருஷன் வரப்போறான். நீ தள்ளி நில்லு."

லாரிக்காரன் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். பெஞ்சில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இமோஜீனுக்குக் கேட்டது. "பெரியவளுக்குப் பைத்தியம். சின்னவளுக்கு வாயில்லை. நல்ல ஜோடி."

அந்த வாரமே வடக்கே கிளீவ்லாந்தில் இருந்த தன் அத்தைக்குப் போன் பண்ணி, வந்துவிடுகிறேன் என்றாள் இமோஜீன். சேதி எப்படியோ லவீனியாவுக்கு எட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நீ எங்கேயும் போகக் கூடாது."

"எனக்கு இங்கே மூச்சு முட்டுது, மிஸ் லவீனியா."

"அவன் வந்து உன்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நீ இருக்கிறதாலதான் அவன் வழி தேடிக்கிட்டிருக்கான். அந்தப் படத்தை அவன் இன்னும் பார்க்கலை இல்லே? பார்க்கிறதுக்காவது வருவான். நீ போயிட்டா எதுக்கு வருவான்? சொல்லு கண்ணு, எதுக்கு வருவான்?" அவள் இமோஜீனின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் க்ளாரீஸ் நின்றுகொண்டிருந்தாள். லவீனியாவை எழுப்பி, கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள் அவள்தான். திரும்பி வந்ததும் மகள் எதிரில் நின்றாள்.

"அது நான் சொன்ன வார்த்தைடி. நான் நினைச்சதையே அவளும் நினைக்கிறா."

"படத்தை எடும்மா" என்றாள் இமோஜீன்.

க்ளாரீஸ் விளக்கைப் போட்டாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு, துணி வெட்டும் கத்திரியின் முனையால் சட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள்.

"வேண்டாம்னு சொல்ல மாட்டியா?"

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப மண்வெட்டியை நான் எடுத்துக்கிறேன்."

மறுநாள் காலை இருவரும் லவீனியாவின் வாசலுக்குப் போனார்கள். கல்லறைக்குப் போய் ஆல்டனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னால் வர மாட்டாள். அதனால் இமோஜீன் சுருக்கமாக, "எங்கூட வாங்க" என்றாள். அவள் கையில் சட்டமில்லாத படமும், க்ளாரீஸின் தோளில் மண்வெட்டியும் இருப்பதைப் பார்த்து லவீனியாவுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். வழி நெடுக வானிலையைப் பற்றியும் கோழிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள்.

மண்மேட்டில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கல் இல்லாததால் பக்கத்துக் கல்லறைகளை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார்கள். க்ளாரீஸ் மண்வெட்டியை ஓங்கியதும் லவீனியா அதன் கைப்பிடியைப் பிடித்தாள்.

"வேண்டாம். வேண்டாம் க்ளாரீஸ். அவகிட்ட சொல்லு. அவ வெச்சா அவன் செத்துடுவான்."

"அவன் செத்துட்டான், மிஸ் லவீனியா" என்றாள் இமோஜீன். "மே மாசமே செத்துட்டான். பெட்டியில இருக்கிறது அவன் இல்லைன்னு தெரிஞ்சு நான் படத்தை வைக்காம இருக்கலை. எனக்குப் பயமா இருந்துச்சு. குழியில தண்ணி இருந்துச்சு, என் முகம் அதுல போறதைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்லை. அதை நான் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

லவீனியா அவள் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு அறை. இமோஜீன் நகரவில்லை. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது க்ளாரீஸ் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பெண்களும் புல்லில் விழுந்தார்கள். லவீனியாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அன்று அதிகாரிகள் வந்தபோதும், பெட்டி வந்தபோதும், மண் விழுந்தபோதும் வராத சத்தம். கல்லறைக்கு அப்பால் பருத்திக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். க்ளாரீஸ் அவளை விடவே இல்லை. சத்தம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இமோஜீன்தான் தோண்டினாள். காய்ந்த களிமண் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளங்கை கொப்பளித்துத் தோல் உரிந்தது. முழங்கை ஆழம் போனதும் நிறுத்தினாள். படத்தை எடுத்து, முகம் மேலே தெரிய அதில் இறக்கப் போனாள்.

"அப்படி இல்லை" என்றாள் லவீனியா.

தவழ்ந்தபடியே வந்தாள். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சர்ச்சில் அவள் அதைப் பார்க்கவே இல்லை என்பது இமோஜீனுக்கு அப்போதுதான் உறைத்தது. லவீனியா பூக்களைப் பார்த்தாள், கவுனின் கைவேலையைப் பார்த்தாள், முகத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"அவன் தலை அந்தப் பக்கம்" என்றாள். படத்தைத் திருப்பி, முகம் கீழே பார்க்கும்படி மண்ணில் வைத்தாள். "இப்படி வெச்சாத்தானே அவனுக்குத் தெரியும்."

பிறகு கையாலேயே மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் டாலிவரின் ஆட்கள் வந்து கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்த கல்லை எடுத்துக்கொண்டுபோய் நட்டார்கள். அவர்களைக் கூப்பிட்டு அனுப்பியது லவீனியாதான். ஆனால் நடும்போது அவள் போகவில்லை. இமோஜீன் அக்டோபரில் கிளீவ்லாந்துக்குப் பஸ் ஏறினாள். விடைபெற்றுக்கொள்ளப் போனபோது லவீனியாவின் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ நடமாடும் ஓசை கேட்டது. தட்டிப் பார்த்தாள். ஓசை நின்றதே தவிர, கதவு திறக்கவில்லை.

கிளீவ்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. க்ளாரீஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். இப்போது அவர்களுக்குப் பேச விஷயம் இருந்தது. லவீனியா எங்கும் வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. தினமும் சமைத்து எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் நாலு வாய் சாப்பிடுகிறாள் என்றாள். பிறகு இரண்டு வாய் என்றாள். காத்திருந்த வரைக்கும் அவளுக்கு உடம்பில் தெம்பு இருந்தது என்பதை இரண்டு பேரும் உணர்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் லவீனியா போய்விட்டாள். ஆல்டனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்ததாம். தைத்து வைத்திருந்த கவுனின் பாவாடைப் பகுதியைப் பிரித்து, பெட்டிக்குள் விரிக்கும் துணியாகத் தைத்துக் கொடுத்ததை க்ளாரீஸ் ஏதோ சாதாரணத் தையல் வேலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"கடைசியில நீ பக்கத்துல இருந்தியாம்மா?"

"இருந்தேன். என் கையைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தா."

அத்தையின் வீட்டுக் கூடத்தில், சுவரில் மாட்டிய போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இமோஜீன் நின்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

க்ளாரீஸ் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

"இல்லைம்மா" என்றாள். "ஒண்ணும் சொல்லலை."

இமோஜீன் போனை மாட்டினாள். வேலைக்கு நேரமாகியிருந்தது. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கி நடந்தாள்.